பாலத்துக்கு அந்தப் பக்கம்

பேஸ்பால் பத்தின்னதும் ஓடிடாதீங்க மக்களே. விதிமுறை ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம், ரெண்டே விஷயம் போதும். பந்து வீசறவர் பேர் பிட்ச்சர். ஃபீல்டர் தப்பால வந்த ரன்னைக் கழிச்சுட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியா எத்தனை ரன் கொடுக்கிறார்ங்கிற கணக்குக்குப் பேர் ஈ.ஆர்.ஏ. மூணுக்குக் கீழ இருந்தா ராஜா. நாலுன்னா பரவாயில்லை ரகம். அஞ்சைத் தாண்டிட்டா மூட்டை கட்ட ஆரம்பிக்கலாம். அம்புட்டுதேன்.

எதுக்கு இந்தப் பாடம்னா, எனக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு உறுத்தல். 2008ல சான் ஃபிரான்சிஸ்கோ மைதானத்துல உட்கார்ந்துகிட்டு, ஒரு மனுஷனைப் பார்த்து நாற்பதாயிரம் பேரோட சேர்ந்து நானும் "பூ..."ன்னு கத்தினேன். நம்ம ஊர்ல பூன்னா மாலை. அங்கே பூன்னா 'போய்த் தொலை'ன்னு அர்த்தம். அந்த மனுஷன் பேர் பாரி ஜீட்டோ.

ஜீட்டோ இடதுகை பிட்ச்சர். ஓக்லண்ட் டீம்ல இருந்தார். அவரோட அஸ்திரம் கர்வ்பால். தலைக்கு நேரா வர்ற மாதிரி வரும். பேட்டர் பதறி ஒதுங்கும்போது, மாடியிலேருந்து தேங்காய் விழுற மாதிரி முட்டிக்குக் கிட்ட வந்து விழும். 2002ல 23 வெற்றி, 5 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.75. அந்த வருஷத்துச் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதையும் வாங்கினார். 2001லேருந்து 2006 வரைக்கும் வருஷத்துக்கு 34 ஆட்டத்துக்குக் குறையாம தொடங்கியிருக்கார். கை வலி, தோள் வலின்னு உட்கார்ந்ததே இல்லை.

2006 டிசம்பர்ல எதிர்க்கரை சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை ஏழு வருஷத்துக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தாங்க. அதுவரைக்கும் எந்தப் பிட்ச்சருக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இத்தனைக்கும் அவர் ஒண்ணும் கண்டம் விட்டுக் கண்டம் போகலை. நடுவுல ஒரு விரிகுடா, மேல ஒரு பாலம். பே பிரிட்ஜைத் தாண்டினா புது ஆபீஸ். அதே குளிர்காத்து, அதே மூடுபனி.

ஆனா நடந்தது என்ன? 2007ல 11 வெற்றி, 13 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.53. 2008ல இன்னும் மோசம்: 10 வெற்றி, 17 தோல்வி, 5.15. வெற்றிக் கணக்கைத் தொடங்கறதுக்கு முன்னாடியே எட்டு தோல்வி. நடுவுல கொஞ்ச நாள் தொடக்க வரிசையிலேருந்தே தூக்கி, மாத்து ஆளுங்க உட்கார்ற புல்பென்னுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வருஷம்தான் நானும் டிக்கெட் வாங்கிட்டுப் போய் பூ போட்டுட்டு வந்தேன்.

மறுநாள் ஆபீஸ்ல இதைப் பெருமையா சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் ஓக்லண்ட்லயே பிறந்து வளர்ந்தவர். வயசுல பெரியவர், பேச்சு கம்மி. காப்பியை உறிஞ்சிகிட்டே சொன்னார்: "நீங்க 2002ல இருந்த ஆளுக்குக் காசு கொடுத்திருக்கீங்க. அந்த ஆள் 2004லயே எங்களை விட்டுப் போயிட்டார். உங்களுக்குத்தான் யாரும் சொல்லலை போல."

சுருக்குன்னு இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். மனுஷன் சொன்னது சரிதான். 2004ல ஓக்லண்ட்ல இருக்கும்போதே ஈ.ஆர்.ஏ. 4.48. அடுத்த ரெண்டு வருஷமும் 3.8 சொச்சம், அதாவது நல்ல பிட்ச்சர், ஆனா ராஜா இல்லை. 2006ல 99 பேரை வாக்ல அனுப்பியிருக்கார், சும்மாவே முதல் பேஸுக்கு. சரிவு பாலத்துக்கு அந்தப் பக்கமே ஆரம்பிச்சாச்சு. இந்தப் பக்கம் வந்ததும் அதுக்கு மேல ஒரு விலைச்சீட்டு தொங்கினதுதான் வித்தியாசம்.

அதுக்கப்புறம்தான் எனக்கு இதுல ஒரு கிறுக்கு பிடிச்சது. டீம் மாறினதும் தடுமாறற பிட்ச்சருங்களை எல்லாம் ஒரே வார்த்தையில 'பயந்துட்டான், தாங்கலை'ன்னு முடிச்சிடறோம். ஒவ்வொருத்தர் கதையும் வேற வேற.

மைக் ஹாம்ப்டனை எடுத்துக்கோங்க. நியூயார்க் மெட்ஸ்ல நல்லா வீசிட்டு, எட்டு வருஷம், 12 கோடியே 10 லட்சம் டாலர்னு 2001ல கொலராடோ போனார். டென்வர் ஊர் கடல் மட்டத்திலேருந்து 5,280 அடி உயரம். அங்கே மைதானத்து மேல்தளத்துல ஒரே ஒரு வரிசை நாற்காலிக்கு மட்டும் ஊதா நிறம் அடிச்சிருப்பாங்க, சரியா ஒரு மைல் உயரம்னு காட்ட. அந்த உயரத்துல காத்து லேசு. சுழலற பந்து வளையறதே காத்து அதைத் தள்றதாலதான். காத்து இல்லைன்னா வளைவும் இல்லை. அடிச்ச பந்தைத் தடுக்கவும் ஆள் இல்லாததால அது பாட்டுக்கு எல்லைக்கு வெளியே பறக்கும். ஹாம்ப்டன் ஈ.ஆர்.ஏ. 5.41, அடுத்த வருஷம் 6.15. 2003ல அட்லாண்டா போனார். 3.84! ஒரே வருஷத்துல தைரியம் முளைச்சுதா என்ன? காத்துதான் மாறிச்சு.

அடுத்தவர் சோனி கிரே. 2017ல ஓக்லண்ட்லேருந்து நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். 2018ல சொந்த மைதானத்துல ஈ.ஆர்.ஏ. 6.98, வெளியூர்ல 3.17. இதைப் பார்த்தா யாருமே "நியூயார்க் கூட்டத்தைக் கண்டா கை நடுங்குது"ன்னுதான் சொல்வாங்க. சொன்னாங்க. ஆனா 2019ல சின்சினாட்டி போனப்புறம் அவரே சொன்னது வேற. அங்கே தன்னை ஸ்லைடர் நிறைய வீசச் சொன்னாங்க, தனக்கு அந்தப் பந்து அப்படி வராதுன்னார். சின்சினாட்டில பிட்ச்சிங் கோச்சா இருந்தவர் அவரோட கல்லூரிக் கால கோச். அந்தக் கை எதுக்கு வளையும், எதுக்கு வளையாதுன்னு தெரிஞ்சவர். அந்த வருஷம் ஈ.ஆர்.ஏ. 2.87. 2023ல மின்னசோட்டால இருக்கும்போது சை யங் ஓட்டெடுப்புல ரெண்டாவது இடம்.

சரி, ஜீட்டோவுக்கு வருவோம். காத்தைக் குறை சொல்ல முடியாது, ரெண்டு ஊரும் ஒரே விரிகுடா ஓரம். சான் ஃபிரான்சிஸ்கோ மைதானமும் பேட்டருக்குக் கஷ்டமான மைதானம்தான். போதாக்குறைக்கு அவர் போன நேஷனல் லீக்ல அப்பெல்லாம் எதிர் டீம் பிட்ச்சரும் பேட் பிடிக்கணும், அதனால பாதி ஓசி அவுட். எல்லாமே சுலபமாகியிருக்கணும்.

ஆகலை. காரணம் ரெண்டுன்னு எனக்குத் தோணுது. ஒண்ணு, வேகம். ஜீட்டோவோட நேர்ப்பந்து மணிக்கு 85 மைல் பக்கம் இறங்கிடுச்சு. கர்வ்பால் ஏமாத்தறதே, பேட்டர் வேகப்பந்தை எதிர்பார்த்து அவசரப்படறதாலதான். நேர்ப்பந்தே மெதுவா வந்தா அவனுக்கு என்ன அவசரம்? காத்திருந்து அடிப்பான்.

ரெண்டாவது, அந்தப் பணம். 2007ல ஜயன்ட்ஸ் பயிற்சி முகாமுக்கு வந்து இறங்கினவர், காலை அகட்டி வைக்கிறதுலேருந்து வீசற பாணியையே மாத்திக்கிட்டு நின்னார். கோச்சுங்களுக்கே அதிர்ச்சி. கொஞ்ச நாள்ல பழைய பாணிக்கே திரும்பினார். ஆனா யோசிச்சுப் பாருங்க, எந்தக் கைக்காக 12 கோடி கொடுத்தாங்களோ அந்தக் கையே போதாதுன்னு முதல்ல நினைச்சது அவர்தான். விலைக்கு ஏத்த ஆளா ஆகணும்னு தன்னைத் தானே நெருக்கிக்கிட்டதா பின்னால சொல்லியிருக்கார்.

2010ல ஜயன்ட்ஸ் உலகத் தொடர் ஜெயிச்சாங்க. அந்தத் தொடர் ஆட்டங்களுக்கான பட்டியல்ல ஜீட்டோ பேர் இல்லை. டீம்லயே அதிகச் சம்பளம், உட்கார்ந்து வேடிக்கை. தன் டீம் தோக்கணும்னு அப்ப மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்னு 2019ல 'கர்வ்பால்'ங்கிற சுயசரிதை வந்தபோது வெளிப்படையா ஒப்புக்கிட்டார். படிச்சப்ப எனக்கு அவர் மேல கோபம் வரலை. நான் போட்ட பூதான் ஞாபகம் வந்தது.

2012 அக்டோபர். செயின்ட் லூயிஸ்ல ஐந்தாவது ஆட்டம். 3-1ன்னு பின்தங்கி, தோத்தா வீட்டுக்குங்கிற நிலைமை. வீசப்போறது ஜீட்டோன்னதும் நான் டிவியை அணைக்கலாமான்னு யோசிச்சேன். மனுஷன் அதே 84, 85 மைல் பந்தை ஓரம் ஓரமா வெச்சு, எட்டு இன்னிங்ஸுக்கு ஒரே ஒரு அவுட் குறைய வீசினார். ஒரு ரன் கொடுக்கலை. 5-0. அடுத்த ரெண்டையும் டீம் ஜெயிச்சது. உலகத் தொடர் முதல் ஆட்டத்துல எதிர்ல டெட்ராய்ட்டோட ஜஸ்டின் வெர்லாண்டர், முந்தின வருஷ சை யங்காரர். ஜீட்டோ ஜெயிச்சது மட்டும் இல்லை, பேட்டைப் பிடிச்சு வெர்லாண்டர் பந்துல ஒரு ரன்னும் எடுத்துக் கொடுத்தார்! பூ போட்ட அதே மைதானம் எழுந்து நின்னு கைதட்டிச்சு. நான் வீட்டு சோபாவுல எழுந்து நின்னேன். பொண்டாட்டி "என்ன ஆச்சு?"ன்னா. "ஒண்ணுமில்லை, ஒரு பழைய கடன்"னேன் :-)

நல்லா கவனிங்க. 2002 திரும்பி வரலை. அந்த வருஷம் முழுக்க அவரோட ஈ.ஆர்.ஏ. 4.15. அதாவது பரவாயில்லை ரகம். அவர் அந்த பரவாயில்லை பிட்ச்சராகவே ஜெயிச்சார். மிச்சம் இருக்கிற கையை வெச்சு என்ன செய்ய முடியும்னு அவருக்குப் புரிய ஆறு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் நாங்க 2002ஐத்தான் கேட்டுக்கிட்டே இருந்தோம். அவரும்தான்.

ஜயன்ட்ஸுக்காக மொத்தம் 63 வெற்றி, 80 தோல்வி. கணக்கு பார்த்தா நஷ்டம்தான், மறுக்கலை. ஆனா அந்த 80ல எத்தனை அவர் கையால, எத்தனை அந்த விலைச்சீட்டால, எத்தனை எங்க சத்தத்தாலன்னு எந்தக் கணக்குலயும் பிரிச்சு எழுதறதில்லை.

பி.கு.: 2015 செப்டம்பர்ல ஜீட்டோ கடைசியா ஒரு ஆட்டம் தொடங்கினார். பாலத்துக்கு அந்தப் பக்கம், அதே ஓக்லண்ட்ல, எதிர் டீம் ஜயன்ட்ஸ். நல்லாவே அடி வாங்கினார். ஆனா ரெண்டு டீம் ரசிகர்களும் கைதட்டினாங்க. ஒருத்தர்கூட பூ போடலை.