கருகிய பலகை கற்பித்த பாடம்

ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் பிற்பகலில் கருமேகம் திரண்டால், மாலைக்குள் இடியும் மழையும் இறங்கும் என்பது கிந்தாப் பள்ளத்தாக்கு மக்கள் நன்கறிந்தது. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்றன்றோ! அத்தகைய மாலையொன்றில், புந்தோங்கில் ஒரு வீட்டின் துணி துவைக்கும் இயந்திரம் நொடிப்பொழுதில் செயலற்றுப் போயிற்று.

அவ்வீட்டுப் பெரியவர் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டபின் நகருக்குக் குடிபெயர்ந்தவர். படிவம் ஐந்தில் பயிலும் பேரன், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைத் திறந்தான். மின்சுற்றுப் பலகையில் பியூஸ் கருகிக் கிடந்தது.

"செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் ஓடிவிடும், தாத்தா."

"வேண்டாம், தம்பி. எரிவதுதான் பியூசின் வேலை. அது எதற்காக எரிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்."

பெரியவரின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. பலகை லயங்களில் ஒரு வீட்டில் பற்றிய தீ, வரிசை முழுவதையும் உண்ணவல்லது என்பதை அறிந்து வாழ்ந்தவர் அவர். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை அறுக்காத கம்பி, வீட்டிற்குள் வைத்த கொள்ளியே ஆகும்.

இருவரும் பலகையைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றனர். பியூசின் அருகே, காசளவான வட்டில் ஒன்று வெடித்திருந்தது. அதுவே வேரிஸ்டர். இயல்பான மின்னழுத்தத்தில் அது வாளாவிருக்கும். மின்னலால் அழுத்தம் எல்லை கடந்தால், மிகை மின்னோட்டத்தைத் தன் வழியே செலுத்திப் பியூசை எரியச் செய்யும். பலகையைக் காக்கத் தன்னை மாய்த்துக்கொள்ளும் காவலன் அது.

அவ்விரண்டையும் மாற்றினால் போதும் என்றே பேரன் எண்ணினான். கடைக்காரரோ முதலில் மின்தேக்கியைச் சோதித்தார். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாகும்போது, அதில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். இணைப்பைக் கழற்றியபின்னும் அது கையைத் தாக்கக்கூடும். மின்தடை ஒன்றின் வழியே அதனை வடித்த பின்னரே பலகையைத் தொட்டார். அளவுமானி, டையோடு ஒன்றும் பழுதுற்றதைக் காட்டிற்று. கருகாமல், வெளித்தோற்றத்தில் நலமாகவே இருந்த உறுப்பு அது!

பழுதுற்றவற்றை மாற்றியபின், பழைய இழை விளக்கொன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் செலுத்தினார். விளக்கு முழு ஒளியுடன் நின்றெரிந்தால் குறுக்குச்சுற்று எஞ்சியிருக்கிறதென்பது பொருள். அது கணநேரம் மின்னி, பின் மங்கிற்று. பேரனின் முகம் மலர்ந்தது.

பட்டையின் ஆழம் அறியாது கத்தியை அழுத்தினால் மரம் புண்படும் என்பது பால்மரம் வெட்டியவரின் பட்டறிவு. நோயின் வேரைத் தேடச் சொன்ன திருவள்ளுவரின் மருத்துவ நெறியும் அதுவே. தேர்வில் தவறிய மாணவனின் தாளில் சிவப்புக் கோடிடும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் கரியைத் துடைப்பது எளிது. கருகாமல் கெட்டிருப்பதைக் கண்டறிவதற்கே பொறுமை வேண்டும்.