பஸ்ஸுக்கு ஒரு டாங்க்

டெக்சாஸில் வாடகை கட்டி மாளாமல் என் மகன் பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி வீடாக்கினான். கட்டில், அடுப்பு எல்லாம் ஆயிற்று. தண்ணீர்த் தொட்டியில்தான் இடித்தது. கடையில் சொன்ன விலையைக் கேட்டு, "குளிக்காமலே இருந்துடலாம் மாமா" என்றாள் மருமகள்.

பழைய நீல பிளாஸ்டிக் டிரம் தேடிக் கிளம்பினோம். 55 காலன், நம் கணக்கில் 208 லிட்டர். விலை சல்லிசு. "முன்னாடி இதுல என்னப்பா இருந்துது?" என்று ஒவ்வொன்றுக்கும் விசாரித்தேன். பூச்சிமருந்தா, தொடவே கூடாது. ஊறுகாயா, ஆபத்தில்லை, ஆனால் காபியும் ஊறுகாய் மணக்கும். சர்க்கரைப் பாகா, எடு வண்டியில்!

அழுக்குத் தண்ணீருக்கும் அதே அளவில் இன்னொன்று. உள்ளே போனது வெளியே வந்துதானே ஆகணும்? கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்டணும். கக்கூஸுக்கு மரத்தூள் பெட்டி, தண்ணீரே வேண்டாம்.

நிரப்பினால் 208 கிலோ. செலவழித்தாலும் பஸ்ஸுக்குப் பாரம் குறையாது. பக்கத்து டிரம்முக்கு மாறும், அவ்வளவுதான். ஆகவே இரண்டையும் பட்டை போட்டு இறுகக் கட்டினான்.

மிச்சத்தை என் மனைவி பார்த்துக்கொண்டாள். 2019-ல் சென்னையில் தண்ணி லாரி பின்னால் குடத்தோடு ஓடினவள். அரை வாளியில் குளிக்கும் வித்தையை மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது ஒரு டிரம் அவர்கள் இருவருக்கும் ஆறு நாள் வருகிறதாம்!