ட்ரீ வேணாம், வரிசை போதும்!

ஏ.வி.எல். ட்ரீ ரொட்டேஷனை உருப்போட்டுட்டு இருக்கீங்களா பாஸ்? போடுங்க, செமஸ்டர்ல பெரிய கேள்வியா வரும். ஆனா, ப்ராஜெக்ட்லயும் அதைத்தான் எழுதுவேன்னு அடம்பிடிக்காதீங்க!

எங்க ஊர் மருந்துக்கடையில ஒரு சாஃப்ட்வேர். மருந்து பேட்ச்களை காலாவதித் தேதிப்படி வரிசையா வெச்சிருக்கணும். முன்னாடி யாரோ அதை ட்ரீயா எழுதிக் கொடுத்திருந்தாங்க. ஒரு பேட்ச்சை நீக்கினா, பேலன்ஸ் பண்றப்போ பக்கத்துக் கிளையே கழண்டு விழுந்துடும். அப்படிக் காணாமப்போன பேட்ச் அலமாரியில இருக்கும், எக்ஸ்பைரி லிஸ்ட்ல இருக்காது. சர்க்கரை மாத்திரை வாங்க வர்ற பாட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? கடைக்கார அண்ணன் ராத்திரி ஒவ்வொரு அட்டையா எடுத்துத் தேதி பார்த்துட்டு இருந்தார்.

ட்ரீயைத் தூக்கிட்டு ஒரே ஒரு அர்ரே போட்டேன். தேடணுமா? நடுவுல பாருங்க. தேடுற தேதி அதுக்கு முந்தினதுன்னா இடது பாதி, பிந்தினதுன்னா வலது பாதி. ஆயிரம் பேட்ச்னா அதிகபட்சம் 10 தடவை. பத்து லட்சம்னாலும் 20தான்!

புதுசா நுழைக்கணும்னா, பஸ் சீட்ல 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' கதைதான். ஆயிரத்துல சராசரியா 500 பேர் நகரணும். வைவா எடுக்கிற சார் மாதிரி பதறாதீங்க. அர்ரேல எல்லாம் மெமரியில அடுத்தடுத்து இருக்கு. ப்ராசஸர் மொத்தமா அள்ளி கேஷ்ல போட்டுக்கும், கண் சிமிட்டுறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். ட்ரீ நோடுகளோ மூலைக்கு ஒண்ணா சிதறிக் கிடக்கும். பாயின்டரைப் பிடிச்சுட்டு வீடு வீடா அலையணும். கோடிக்கணக்குல டேட்டா, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல புதுசா வருதுன்னா ட்ரீதான் ராஜா. மருந்துக்கடைக்கு ஒரு நாளைக்கு இருபது பேட்ச் வந்தாலே பெரிசு!

அர்ரேன்னா தப்பே வராதான்னு கேட்டா... வரும். ஜாவாவோட பைனரி சர்ச்லயே ஒரு பிழை சுமார் 9 வருஷம் ஒளிஞ்சிருந்ததை 2006-ல ஜோஷுவா ப்ளாக் எழுதினார். இடது, வலது ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கிறோம் இல்லையா? அர்ரே ரொம்பப் பெரிசா இருந்தா, கூட்டுத்தொகை இன்ட்டுக்குள்ள அடங்காம மைனஸ்ல போயிடும். அதனால ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதியை இடதோட கூட்டிக்குங்க.

பைத்தான் பார்ட்டிகளுக்கு இன்னும் ஜாலி. 'பைசெக்ட்'னு ஒரு மாட்யூல் கூடவே வருது. அதுல 'இன்சார்ட்'னு கூப்பிட்டா, இடத்தைத் தேடி அதுவே நுழைச்சிடும். ஒரே தேதியில ரெண்டு பேட்ச் இருந்தா புதுசு முன்னாடியா, பின்னாடியா? அதுக்கு லெஃப்ட், ரைட்னு தனித்தனியா இருக்கு. எதுன்னு முடிவு பண்ணிட்டு கீபோர்டைத் தொடுங்க!