மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம்

கோடைக்கானலைப் பற்றி எழுதுவோர் ஏரியையும் குறிஞ்சிப் பூவையும் எழுதாது விடார். யாமும் அவ்வெண்ணத்தோடே சென்ற விடுமுறையில் வத்தலக்குண்டிற் பேருந்தேறினோம். ஆயின் அங்குத் தங்கிய நாட்களில் எம் கருத்தைக் கவர்ந்தது, கடைத்தெருவின் பின்னே உள்ள ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடமே. எம் தமக்கையார் அங்கே பணிபுரிகின்றார்.

1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் சமவெளியின் நோய்களுக்கு அஞ்சி இம்மலைமேல் முதலிரண்டு பங்களாக்களைக் கட்டினர். நோய்க்குத் தப்பி வந்தோர் அமைத்த ஊரிலே, இன்று நோயாளர் இரத்தத்தை நாள்தோறுங் கையாள்வோர் சிலர் உளர். மருத்துவரை வாழ்த்துகின்றோம், செவிலியர்க்கு நன்றி கூறுகின்றோம், குழாயின்மேற் பெயரெழுதி ஒட்டுபவரின் முகத்தையேனும் அறிவோமோ?

ஒரு திங்கட்கிழமை காலை, மேல்மலைக் கிராமத்துப் பூண்டு விவசாயி ஒருவர்க்கு இரத்தம் எடுத்தபின், தமக்கையார் ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்ட முயன்றார். ஊசி கையுறையைத் துளைத்து இடக்கைச் சுட்டுவிரலிற் பாய்ந்தது. மூடியைத் திரும்ப மாட்டலாகாது என்பது அவர் படித்த முதற்பாடம். ஆயினும், ஊசி வெட்டுங் கருவி பழுதாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. கூரியவற்றை இடும் வெள்ளைப் பெட்டியோ நிரம்பி வழிந்தது. விரலை நசுக்காமற் சோப்பிட்டு நீரிற் கழுவினார். பின் எவரிடமுங் கூறாது வேலையைத் தொடர்ந்தார்.

இரவிலே எம்மிடம், "தம்பி, அம்மாவிடம் சொல்லிவிடாதே" என்றார். மேலாளரிடமேனும் சொல்லலாகாதோ என வினவினோம். "கவனக்குறைவு என்பார்கள், வேலை போய்விடும்" என்றார். ஊசியினும் இவ்வச்சமே எம்மை மிகவும் நடுங்கச் செய்தது. எச்.ஐ.வி. கிருமியுள்ள ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால் ஏறக்குறைய மூவர்க்கே அது தொற்றும். ஆனால் தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துள், மிஞ்சினால் 72 மணி நேரத்துள், தொடங்கவேண்டும். மஞ்சட்காமாலையை விளைக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதாருள் நூற்றுக்கு முப்பதின்மர் வரை பற்றும். தமக்கையார் அத்தடுப்பூசி மூன்றனுள் இரண்டே போட்டிருந்தார்.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா என்பாரைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. அவர், பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், கையுறையுமின்றி இரத்த மாதிரிகளைத் திரட்டித் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலே வைத்திருந்தார். 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதித்தபோது அவற்றுள் ஆறில் எச்.ஐ.வி. காணப்பட்டது, இந்நாட்டில் அந்நோய் முதன்முதல் வெளிப்பட்டது அவ்வாறே. அக்காலத்தில் அறியாமை இருந்தது. இக்காலத்தில் அறிவு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளும் உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் பிரித்த விளக்கப்படமும் சுவரில் தொங்குகின்றது. இல்லாதது ஒரு புதிய பெட்டி.

விடிந்ததும் தமக்கையாரை அரசு மருத்துவமனைக்கு ஏறத்தாழ இழுத்தே சென்றோம். மருத்துவர் அம்மையார் கடிந்துரைக்கவில்லை; "நேற்றே வந்திருக்கவேண்டும், அம்மா" என்று மட்டும் கூறி, 28 நாள் உண்ணும் மருந்தைத் தொடங்கி, எஞ்சிய தடுப்பூசியையும் போட்டார். முதல் மாத்திரையை விழுங்கும்போது தமக்கையாரின் கை நடுங்கியதைக் கண்டோம். அதன் பின்னரே அவர் மேலாளர்க்குத் தெரிவித்தார், வேலை போகவில்லை.

புதன்கிழமை அவ்விவசாயி தம் சர்க்கரை அளவை அறியவந்தார். தமக்கையார் நடந்ததை மறையாது கூறி இசைவு கேட்டார். பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டி, "எடுத்துக்கோ, தாயி, என்னாலே உனக்குக் கெடுதல் வரக்கூடாது" என்றார். சோதனையில் எந்தக் கிருமியும் இல்லை. மருத்துவர் மருந்தை நிறுத்தினார். பெரியவர் கொண்டுவந்த பூண்டு இரண்டு பிடி எம் அடுப்படியிற் கிடந்தது.

யாம் மலையிறங்கிய நாள்வரை ஊசி வெட்டுங் கருவி பழுது நீங்கி வரவில்லை. வெள்ளைப் பெட்டி மட்டும் புதிதாக வந்திருந்தது. அதன் மூடியிலே தமக்கையார் தம் கையெழுத்தில், முக்காற்பங்கு நிறைந்ததும் மாற்றுக என எழுதி ஒட்டியிருந்தார்.