ஆளுக்கொரு பேர்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் கவ்வாத்து வெட்டுகிற ஆணுக்கும் செக்ரோல் என்ற பதிவேட்டில் விழுவது ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். யாருக்கு என்ன கைவரும் என்று செக்ரோல் கேட்பதில்லை. பசறைப் பக்கத்து லயமொன்றில் வளர்ந்த எனக்கும், அடுத்த காம்பிராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த மாமா எப்பேர்ப்பட்ட ஆள் என்பது மாசி மாதத்தில்தான் தெரிந்தது.

மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். பிறகு பௌர்ணமிவரை காமன் பொட்டலில் கூத்துத்தான். கதை எல்லோருக்கும் தெரிந்தது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன் என்கிற மன்மதன் எரிவான், ரதி அழுவாள்.

பாட்டு முழுவதும் ஒருவர் நெஞ்சில் இருந்தது. அவரை வாத்தியார் என்போம். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர், பகலில் மருந்தடிப்பவர். கிரீடங்களைச் செய்தவர் ஸ்டோரில் தச்சுவேலை பார்த்த பாஸ். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளித்தாள் அவர் கைபட்டால் இந்திரலோகமாகிவிடும். ரதி, அடுத்த காம்பிரா மாமா. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை அவருக்கு. இழவு வீடுகளில் ஒப்பாரி வைக்கும் என் அப்பாயியிடம் வந்து குந்தியிருந்து அழுகை படித்தார். "முழு மூச்சையும் விட்டுறாத தம்பி. பாதியில நிறுத்து. மிச்சத்த சனம் அழுதுக்கும்" என்றது அப்பாயி.

நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் பனிக்குத் தப்புத் தோல் தொய்ந்துவிடும். மானாப்புல்லைக் கொளுத்திக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். என் தாத்தா காலத்தில் விடியக்காலம் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு ஆளெழுப்பியதும் தப்புதான். கூத்தில் எமனுக்கு ஓர் அடி, தூதனுக்கு வேறோர் அடி. அடி மாறினால் கால் நின்றுவிடும். சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிற தப்புக்காரர்களின் கைக்காக அன்றிரவு சிவனே காத்து நிற்பான். விடிந்ததும் அவர்கள் பழையபடி வாசலுக்கு வெளியேதான். கூத்து அதை மாற்றியது என்று சொன்னால் அது பொய்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், எங்களைப் போன்ற தோட்டத்து மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. அங்கேயும் பேர்க்கணக்குதான். யார் பாட்டுக்காரர், யார் தப்புக்காரர் என்று அந்தத் தாளில் இல்லை. தலைமன்னாருக்கு ஆளேற்றிப்போன ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். ஒரு வருஷம் அதில் எங்கள் வாத்தியாரும் போனார்.

அடுத்த மாசியில் தப்பு இருந்தது, கிரீடம் இருந்தது, பாட்டு இல்லை. காமன் ஊன்ற வேண்டாம் என்றுகூடப் பேச்சு வந்தது. தப்புக்காரப் பெரியவர்தான், "அடி எனக்கு வரிசையாத் தெரியும். அடிச்சிக்கிட்டே போறேன், அந்தந்த எடத்துப் பாட்ட அவனவன் சொல்லு" என்றார். கதையின் ஒழுங்கு பாட்டில் மட்டுமல்ல, அவர் விரலிலும் இருந்திருக்கிறது. அவர் அடிக்க அடிக்க, ரதி தன் பாட்டைச் சொன்னார். தூதன் தன்னுடையதைச் சொன்னார். எமன் வந்த இடத்தில் எல்லோரும் விழித்தோம். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக் கணக்கில் முன்பு எமன் கட்டிய ஒருவரை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். ரதியின் புலம்பலில் விட்டுப்போன அடிகளை, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே அப்பாயி எடுத்துக்கொடுத்தது. பாஸுக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த வேஷத்துக்குப் பிறகு எந்தக் கிரீடம் என்று அவர்தான் இரண்டு இடங்களில் திருத்தினார். பத்து இரவில் கூத்து திரும்பி வந்தது. ஓட்டைகள் இருந்தன, தப்பை உரக்க அடித்து மூடினார்கள்.

பௌர்ணமியன்று போயா விடுமுறை. அன்றிரவு காமன் எரிந்தான். ரதி பாதி மூச்சில் நிறுத்தினார். லயமே அழுதது.

மறுநாள் பெரட்டில் ரதிக்கு ஒரு பேர் விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் பிந்தி வந்த எமனுக்கு அரைப்பேர்.