இடக்கைத் தச்சரும் இழைப்புளியும்

இழைப்புளி ஒரு திசையில் மட்டுமே சீவும். அதைப் பின்னாலிருந்து தள்ளுவது எந்தக் கை, அது மரத்தின் ஓரத்தை அணைய வேண்டியது எந்தப் பக்கம் என்ற இரண்டையும் வைத்தே இடக்கைத் தச்சருக்கு ஒரு கருவி ஒத்துவருமா என்று சொல்ல முடியும். மனிதர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கையர். ஆனால் பட்டறைகளில் வேலை மேசையும் பெரும்பாலான கருவிகளும் வலக்கையரை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன.

பரப்பைச் சமப்படுத்தும் சாதாரண இழைப்புளியில் சிக்கல் மிகக் குறைவு. இன்று பரவலாகப் புழங்கும் இரும்பு இழைப்புளியின் அமைப்பு அமெரிக்கரான லெனார்ட் பெய்லி உருவாக்கியது. 1869இல் அவருடைய தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தின் இழைப்புளி வரிசையில் 4ஆம் எண் சுமார் 9 அங்குல நீளமும், 5ஆம் எண் 14 அங்குலமும், 7ஆம் எண் 22 அங்குலமும் கொண்டவை. மூன்றிலும் பின்கைப்பிடி நடுவில் நிற்கிறது, முன்குமிழ் உருண்டையானது. சீவும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சக்கரம் தகட்டுக்குப் பின்னால் நடுக்கோட்டில் இருக்கிறது. தகட்டின் சாய்வைத் திருத்தும் நெம்புகோல் இருபுறமும் நகரும். இடக்கைத் தச்சர் மூன்று விரல்களால் கைப்பிடியைப் பற்றிச் சுட்டுவிரலை முன்னோக்கி நீட்டி, வலக்கையைக் குமிழில் வைத்தால் போதும். அவருக்கென்று தனி இழைப்புளி தேவையில்லை.

உண்மையான தடை வேலை மேசையில் தொடங்குகிறது. வலக்கைத் தச்சர் மேசையின் முன் நின்று வலமிருந்து இடமாகத் தள்ளுகிறார். அதனால் மரத்தைத் தடுத்து நிறுத்தும் கட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் முன்பக்க வைஸும் மேசையின் இடது முனையில் இருக்கும். இடக்கையர் தள்ளுவது இடமிருந்து வலமாக. வலக்கையர் மேசையில் தடுப்புக்கட்டை அவருக்கு எதிர்முனையில் நிற்கிறது. மரம் நழுவுகிறது, உடல் திருகுகிறது, தோள் சோர்கிறது. தடுப்பையும் வைஸையும் வலது முனைக்கு மாற்றி அமைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். கருவி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுவே.

காடி வெட்டும் இழைப்புளி, விளிம்பில் படிபோல் வெட்டும் ரிபேட் இழைப்புளி, ஓரங்களில் அலங்கார வளைவு செதுக்கும் மர இழைப்புளி ஆகியவற்றில் கதை வேறு. இவை மரத்தின் விளிம்பை ஒட்டி ஓட ஒரு வழிகாட்டிப் பட்டை வேண்டும். வலக்கையர் இடப்பக்கம் நோக்கி நகரும்போது மேசை அவருக்கு வலப்புறமும் மரத்தின் வெளிவிளிம்பு இடப்புறமும் அமைகின்றன. எனவே பட்டை இழைப்புளியின் இடப்பக்கத்தில் பொருத்தப்படுகிறது. இடக்கையர் எதிர்த்திசையில் நகர்வதால் அவருக்குப் பட்டை வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்டான்லி 78 போன்ற சில ரிபேட் இழைப்புளிகளில் பட்டையை எந்தப் பக்கமும் மாற்றிப் பூட்டலாம். பழைய ஆங்கிலேய மர இழைப்புளிகளில் வழிகாட்டி விளிம்பு அடிக்கட்டையிலேயே செதுக்கப்பட்டிருப்பதால் மாற்ற வழியில்லை.

தகடு சாய்வாகப் பொருத்தப்பட்ட இழைப்புளிகளும் கைக்குக் கை வேறுபடும். அந்தச் சாய்வு கருவியை மரத்தின் விளிம்போடு இழுத்து அணைக்கும். பக்கம் மாறினால் விலக்கித் தள்ளும். இந்தச் சாய்வும் பட்டை இருக்கும் பக்கமும் கைக்குக் கை மாறுவதால்தான் கனடாவின் வெரிட்டாஸ் நிறுவனம் சாய்தகட்டு ரிபேட் இழைப்புளியையும் காடி இழைப்புளியையும் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று எனத் தனித்தனியே செய்கிறது. காடியின் பக்கச் சுவரைச் சீவும் ஸ்டான்லி 98, 99 இரண்டும் இடம் வலம் மாறிய ஜோடி. ஆகவே வலக்கையருக்கும் அங்கே இரண்டு கருவிகள் தேவைப்படுகின்றன.

பலகையின் முனையைச் செங்கோணமாக்க, இழைப்புளியை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தள்ளும் தாங்கு பலகை உண்டு. அதை இடம் வலம் மாற்றிப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். இழைப்புளியின் அடிப்பரப்புக்கு, அது படுக்கும் பக்கம் 90 பாகையில் இருக்கிறதா என்று மட்டும் மூலைமட்டத்தால் சரிபார்க்க வேண்டும்.

இரு கைகளாலும் இழைக்கப் பழகுவதில் இருசாராருக்கும் ஆதாயம் உண்டு. நாரின் ஓட்டத்துக்கு எதிராகச் சீவினால் மரம் பிசிறும். பலகையைத் திருப்பிப் போட இடமிருந்தால் அதுவே எளிது. சட்டத்தில் பொருத்திவிட்ட மரத்தைத் திருப்ப முடியாது. அப்போது கைமாற்றி எதிர்ப்பக்கமிருந்து சீவத் தெரிந்தவரே வேலையை முடிக்கிறார். ஜப்பானியத் தச்சர்கள் தங்கள் இழைப்புளியைத் தள்ளாமல் தம்மை நோக்கி இழுக்கிறார்கள். கைப்பிடியற்ற அந்த நேரான மரக்கட்டை எந்தக் கைக்கும் பொருந்தும்.

தொழில் கற்பிப்பவர்கள் இடக்கை மாணவரைக் கட்டாயப்படுத்தி வலக்கைக்கு மாற்றக் கூடாது. சாதாரண இழைப்புளியை அவர் விரும்பும் கையால் பிடிக்க விட்டு, மேசையை அவருக்கேற்ப அமைத்துத் தர வேண்டும். வழிகாட்டிப் பட்டை உள்ள கருவிகளில் மட்டும், இடக்கைக் கருவி வாங்குவதா, வலக்கைக் கருவியைப் பழகிக்கொள்வதா என்பதை அவரே முடிவு செய்யலாம். தள்ளும் கை பலம் தருகிறது, பட்டையை விளிம்போடு அழுத்தும் கை துல்லியம் தருகிறது. பழக்கம் படியும் முன்பே கற்றுக்கொண்டால் இரண்டில் எந்த வழியும் கைகூடும்.