கைலாசநாதர் கோயிலின் வடபுற மதில்

கார்த்திகை 18

ஐப்பசியில் பிடித்த அடைமழை இன்று சற்றே ஓய்ந்தது. சூரியன் தென்புறமாகவே சஞ்சரிக்கும் தட்சிணாயன காலத்தில்தான் நம் ஊருக்கு மழையும் வருகிறதாதலால், வெயில் காணாத அந்த வடபுற மதில் நனைந்தது நனைந்தபடியே நின்றுகொண்டிருக்கிறது. மலையில்லாத காஞ்சிக்கு, சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய இந்த மணற்கல் ஆலயமே ஈரமும் நிழலும் பொருந்திய செங்குத்துப் பாறையாய் வாய்த்துவிட்டது. அடிவரிசைக் கருங்கல்லில் எளிதில் பற்றாத பாசி, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மணற்கல்லில் தாராளமாய்ப் படர்ந்திருக்கிறது.

மார்கழி 9

பூதக்கண்ணாடியில் பார்த்தால் பாசி வெறும் பச்சைப் பூச்சன்று. தண்டும் இலையும் கொண்ட சிறு செடிகளின் கூட்டம். வேரில்லை, மயிரிழை போன்ற பற்றிழைகளே உண்டு. ஆண் அணு பெண் அணுவை அடைவதற்குக்கூட ஒரு படலம் நீர் வேண்டும், அதை நீந்தியே அது கடக்க வேண்டும். அந்தப் பாசியில் தங்கும் தூசியே நாளடைவில் மண்ணாகிப் பெரணிகளுக்கு இடங்கொடுக்கிறது. இந்தப் பக்கத்துப் பழஞ்சுவர்களின் சுண்ணாம்பு இடுக்குகளில், பனங்கன்றை விரலளவுக்குச் சுருக்கி வைத்தாற்போல் விசிறி விரித்து நிற்கும் மயிற்சிகை அவ்வினத்ததே. மேற்கு மலைத்தொடரில் இந்த வரிசை இன்னும் நீளும்: சாரல் படும் பாறைகளில், காசித்தும்பைக்கு உறவான சில சிறுசெடிகள் கிழங்கை இடுக்கில் ஒளித்துவைத்து, மழையில் பூத்து, வேனிலில் மறைந்துபோகும்.

சித்திரை 20

பாசி கருகிப் பொருக்காகிவிட்டது. உதிர்ந்து கிடந்த துணுக்கொன்றில் ஒரு துளி நீர் விட்டேன். சில நிமிஷங்களில் இலைகள் விரிந்து பச்சை திரும்பிற்று!

பாசி முற்றிலும் நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. ஈரத்தைத் தேக்கிக் கல்லை நலிவிக்கும் அது சிற்பங்களின்மேல் இருக்கலாகாது. பிராகாரச் சிற்றாலயங்களில் 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேல் கண்டறிந்த பல்லவ ஓவியங்களுக்கோ ஈரமே பகை. ஆயினும் கம்பித் தூரிகையால் தேய்ப்பவர் பாசியோடு மணற்கல்லையும் சேர்த்தே உதிர்க்கிறார். உண்மையான சத்துரு, பறவை எச்சத்தில் வந்து முளைத்து, இணைப்புகளில் வேரோட்டிச் சுவரையே பிளக்கும் அரசங்கன்றுதான். ஆலயத்துக்கு வருகிறவர்கள் பாசியைச் சுரண்டாமல், அரசங்கன்று கண்ணில் பட்டால் அது இரண்டிலையாய் இருக்கும்போதே தொல்லியல் துறைக் காவலரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.